கும்பா காலி

மதினி ஒருநாளும் கெட்ட செய்தி சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று சபதம் எடுத்தவர் அல்ல என்றே அப்போது நினைத்திருந்தேன். வாய் வராது, அவ்வளவுதான். மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் பொம்பளைகளின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய நாக்கு தானாக நல்ல பக்கம் திரும்பிவிடும்.

எனக்கு அவர் எந்த வகையிலும் மதினி முறை இல்லை. தெருவே மதினி என்றதால் நானும் மதினி என்றேன். என் கணவரும் மதினி என்றார், என் மாமனாரும் மதினி என்றார். அவருடைய பெயரை ஒரே ஒருமுறை ரேஷன் கார்டில் பார்த்தேன். அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெயர். மறந்துவிட்டேன்.

நாங்கள் ஐந்து பேர் அப்போது கைப்பிள்ளைக்காரிகள். தேவாரத்தில் எங்கள் தெரு முனைக்கு விடிந்தும் விடியாமலும் ஜீப் வரும். கம்பம்மெட்டு ஏறி, கேரளாவுக்குள் ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவோம். அதுவரை பிள்ளைகள் மதினி வீட்டில். என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்த மறுவாரமே நான் அங்கே கொண்டுபோய் விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய கதை ஒன்றும் இல்லை. கணவருக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அது இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. வீட்டுக்கு இன்னொரு ஆள் சம்பாத்தியம் வேண்டியிருந்தது. மாமியார் உயிரோடு இல்லை. என் அம்மா கடமலைக்குண்டில் என் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பிலேயே குட்டை அவன்தான். மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவனுக்கு ஒன்றேகால் வயது ஆனபோது மலை வேலையை விட்டுவிட்டேன். இன்றைக்குப் போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று படிப்பவர்கள் பதறுவார்கள். அப்படிப் பதற வேண்டியவள் நான். நான் பதறவில்லை என்பதுதான் விஷயம்.

மதினிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவரும் மலைக்குப் போனவர்தான். மழைநாளில் சரிவில் விழுந்து முட்டி போனதில் இருந்து கீழேயே தங்கிவிட்டார். இரண்டு மகன்களும் திருப்பூரில். வீட்டுக்காரர் காலையில் டீக்கடைக்குப் போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் தலையைக் காட்டுவார். சிமெண்டு அட்டை போட்ட ஒரே அறை. மேலே ஓடும் இரும்புக் குழாயில் மூன்று சேலைத் தொட்டில்கள். ஐந்து பிள்ளைக்கு மூன்று தொட்டில் எப்படிப் போதும் என்று நான் முதல்நாள் கேட்டேன்.

"அஞ்சும் ஒரே நேரத்துல தூங்கிட்டா நான் எதுக்கு இங்கன இருக்கேன்?" என்றார்.

பிள்ளைகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜீப்பில் அம்மாக்காரி எங்கே உட்காருவாளோ அதுதான் பிள்ளையின் பெயர். முன்சீட்டு மகள், டிரைவர் முதுகு மகன், கம்பி மகள். நான் கடைசியாக ஓடிப்போய் ஏறுகிறவள், எப்போதும் பின்கதவோரம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவேன். அதனால் என் மகன் கடைசிச் சீட்டு. "கடைசிச் சீட்டுக்கு இன்னிக்கு ஒரே சிரிப்பு" என்று சொல்லி அவனை என் கையில் கொடுப்பார். அவன் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. நான் பார்க்கிற நேரத்தில் அவன் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பான்.

பிள்ளைக்கு என்ன ஆனாலும் மதினி வாயில் அது வேறு உருவம் எடுத்துவிடும். முன்சீட்டு மகள் தொட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்த அன்று, "உம் மக நல்லாத் தாவ ஆரம்பிச்சுட்டா" என்றார். கம்பி மகளுக்குக் காய்ச்சல் அடித்தபோது, "இன்னிக்குப் பூரா என் மடிய விட்டு எறங்கல, அம்புட்டுப் பாசம்" என்றார். வீட்டுக்குத் தூக்கிப்போய் உடம்பைத் தொட்டுப் பார்த்தால்தான் கொதிப்பது தெரியும். நாங்கள் ஐந்து பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். மதினி ஒரு பிள்ளையைப் பாராட்டினால் முதலில் அதன் நெற்றியைத் தொட்டுப் பார் என்போம். சிரித்தோமே தவிர ஒருத்தியும் அவரைக் கோபிக்கவில்லை. குளிரிலும் அட்டைக்கடியிலும் பத்து மணி நேரம் இருந்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு நல்ல வார்த்தை வேண்டியிருந்தது.

ஒருநாள் டிரைவர் முதுகுக்காரியின் அப்பா இங்கே இறந்துபோனார். அவள் மேலே தோட்டத்தில் இருந்தாள். அங்கே போனில் சிக்னல் ஒரு கோடும் எடுக்காது. ஜீப் வந்து நின்றபோது மதினி மட்டும் முனையில் நின்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலத்தா, வா போவோம்" என்றார். நேராகப் போனால் இரண்டு நிமிடத்தில் வீடு. மதினி நொண்டிக்கொண்டே அவளைக் கடைத்தெரு சுற்றி அழைத்துப் போனார். முதல் திருப்பத்தில், "ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாக" என்றார். அடுத்த திருப்பத்தில், "டாக்டரு பாத்துட்டு ஒண்ணும் சொல்லல" என்றார். மூன்றாவது திருப்பத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் மதினி சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவள் மதினி தோளில் சாய்ந்து அழுதபடியே வீட்டுக்குப் போனாள். பின்னால் நடந்து வந்த நான், இந்தப் பொம்பளை எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி கும்பாவுக்கு வருகிறேன்.

காலையில் ஆளுக்கொரு டப்பாவில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவோம். சத்துமாவுக் கஞ்சி, இட்லி, பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், அவரவர் வீட்டில் என்ன இருக்கிறதோ அது. நான் அனேகமாக ரசம் சோறு. நாங்கள் போனதும் மதினி ஐந்து டப்பாவையும் திறந்து ஒரே கும்பாவில் கொட்டிப் பிசைந்துவிடுவார். பெரிய எவர்சில்வர் கும்பா. ஐந்து பிள்ளைகளையும் சுவரோரம் வரிசையாக உட்காரவைத்து, ஒரே கரண்டியால் ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டு போவார். கடைசிப் பிள்ளை வந்ததும் மறுபடி முதல் பிள்ளை.

முன்சீட்டுக்காரி வீட்டுக்காரருக்கு முட்டை வியாபாரம். மகளுக்குத் தினமும் அவித்த முட்டை வைப்பாள். ஒருநாள் சாயங்காலம் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"எம் மகளுக்கு வச்ச முட்டைய எம் மகளுக்குத்தான குடுக்கணும்? ஊருப் பிள்ளைக்கெல்லாம் எதுக்கு?"

மதினி அவளுடைய டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாலு பிள்ள பாத்துக்கிட்டு இருக்கையில ஒண்ணுக்கு மட்டும் முட்டைய ஊட்ட என் கை போகாதுத்தா. பெசஞ்சாச்சு. பிரிச்சு எடுக்க முடிஞ்சா நாளைக்கு வந்து எடுத்துக்க."

எங்களுக்கு அன்று சந்தோஷம். குறிப்பாக எனக்கு. ரசம் சோறு கொடுத்துவிட்டவள் நான். முட்டை தின்றவர்களில் என் மகனும் உண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து சோற்றோடு பருப்பு சேர்ப்பதைக்கூடச் சில நாள் விட்டுவிட்டேன். எப்படியும் கலந்துவிடப் போகிறது என்ற தைரியம்.

சாயங்காலம் நாங்கள் கேட்கும் முன்பே அவர் கும்பாவைக் கவிழ்த்துக் காட்டுவார். "கும்பா காலி! ஒரு பருக்க மிச்சமில்ல." ஐந்து பேரும் அந்தக் காலிப் பாத்திரத்தைப் பார்ப்போம். அதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்?

மலையில் பத்து பத்தரைக்கு எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்து, மேலே போட்டிருக்கும் சட்டையும் நனையும். சோற்று நேரத்தில் ஏலச்செடித் தூருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மண்ணில் பீச்சி விடுவேன். மற்றவர்களும் அப்படித்தான். ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், பேசமாட்டோம். முதல் வாரம் அழுதேன். பிறகு அதுவும் பல் துலக்குவது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. கீழே ஒரு கும்பா காலியாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு காய் எடுக்கப் போவேன். இரண்டு மாதத்தில் பால் கட்டுவதும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ராத்திரிச் சோறு ஆக்கி, துணி அலசி, படுத்துக்கொண்டே அவனுக்குப் பால் கொடுப்பேன். அவன் குடித்தானா, சும்மா வாயில் வைத்திருந்தானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் என் உடம்பு தூங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் சோறு ஊட்டுவேன். ஒரு வாய் வைத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்ப்பான். முழுங்கமாட்டான். போனில் பாட்டுப் போட்டுக் காட்டுவேன். பாட்டைப் பார்ப்பான், முழுங்கமாட்டான். இரண்டாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொள்வான். சரி, ஆறு நாள் வயிறு முட்டத் தின்றவன், ஒருநாள் தின்னாவிட்டால் என்ன என்று வாயைத் துடைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எனக்கும் துவைக்கக் கிடக்கும்.

மாதாமாதம் பால்வாடியில் எடை போடுவார்கள். அது வேலைநாளில் வரும். நான் போகவில்லை. மூன்று மாதம் போகவில்லை. டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண், கோபப்படத் தெரியாதவர். மகனைத் தராசில் தொட்டிலாகத் தொங்கும் துணியில் வைத்து, முள்ளைப் பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்துப் புள்ளி வைத்தார்.

"ஆறு மாசத்துல ஆறு எண்ணூறு இருந்தான். இப்ப ஆறு எழுநூறு."

"தராசு சரியா இருக்கா டீச்சர்?"

"உங்க வீட்டுக்கு முன்னாடி நாலு பிள்ளையப் போட்டுட்டுத்தான் வாரேன்."

"தினமும் வயிறு நிறையத் திங்கிறான். கும்பா காலியாயிரும்."

டீச்சர் பேனாவை மூடினார். "நீங்க ஊட்டும்போது எப்பிடித் திங்கிறான்?"

ஞாயிற்றுக்கிழமை அவன் கன்னத்தில் ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. டீச்சர் அட்டையில் அந்தப் புள்ளி விழுந்த நிறத்தைக் காட்டி, இன்னும் ஒரு மாதம் இப்படியே இருந்தால் பெரியகுளம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தால்கூடத் தாங்காது என்றார். நான் தலையை ஆட்டினேன். மறுநாள் மலைக்குப் போனேன். சாயங்காலம் மதினியிடம், "பால்வாடியில எடை கொறஞ்சிருச்சுன்னு சொல்றாக மதினி" என்றேன்.

"பல்லு மொளைக்கிற நேரம்த்தா. எல்லாப் பிள்ளையும் இப்பத் தேயும், பெறகு ஊதும்" என்றார். நான் நம்பினேன். நம்புவதற்குத்தான் போயிருந்தேன்.

அந்த வாரமே ஒருநாள் மெட்டு ரோட்டில் மரம் விழுந்து ஜீப் பாதியில் திரும்பிவிட்டது. பதினோரு மணிக்கெல்லாம் தெரு முனையில் இறங்கினேன். மற்ற நாலு பேரும் கடைக்குப் போனார்கள். நான் மதினி வீட்டுக்குப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே சோறூட்டும் நேரம். நான் ஏன் கூப்பிடவில்லை என்று தெரியாது. வெளியிலேயே நின்றேன்.

ஐந்து பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். என் மகன் மூன்றாவது. மதினி கும்பாவை மடியில் வைத்துக்கொண்டு, முட்டியை நீட்டியபடி, நல்ல சந்தோஷமாக ஊட்டிக்கொண்டிருந்தார். பாடவில்லை, ஆனால் பேசிக்கொண்டே இருந்தார். "இந்தா முன்சீட்டு, ஆ காட்டு. இந்தா டிரைவர் முதுகு." அந்தப் பிள்ளைகள் கரண்டி வருமுன்பே வாயைத் திறந்தன. என் மகனிடம் கரண்டி வந்தது. வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். கரண்டி நகர்ந்தது. ஒரு சுற்று முடிந்து மறுபடி வந்தபோது கன்னத்தில் அந்தச் சோறு அப்படியே இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"போதுமா ராசா? சரி சரி" என்று சொல்லிவிட்டு மதினி அவன் வாயை ஒரு துணியால் துடைத்து அடுத்த பிள்ளைக்குப் போனார். அடுத்த சுற்றில் அவன் வாங்கிக்கொண்டான். அதற்கடுத்த சுற்றில் வாங்கவில்லை. நான் எண்ணினேன். கும்பா காலியாகும்போது அவன் வாய்க்குள் நாலு கரண்டி போயிருந்தது. மற்ற நாலு பேரும் அவன் பங்கையும் சேர்த்துத் தின்று முடித்திருந்தார்கள். அந்தக் கும்பாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்த உடனே, பழக்கத்தில், "வந்துட்டியாத்தா? உம் மகன் இப்பத்தான் நல்லாத் தின்னான்" என்றார்.

"நாலு கரண்டி மதினி."

"எண்ணுனியாக்கும்?"

"எண்ணுனேன். தினமும் இப்பிடித்தானா?"

மதினி கும்பாவைக் கீழே வைத்தார். "அவன் மெதுவாத் திங்கிற பிள்ளத்தா. மத்ததுக வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிதுக. கும்பா காலியாத்தான் ஆகுது. அத நான் பொய்யாச் சொல்லல."

"அவன் திங்கலன்னு ஒருநா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? நீ மறுநா மலைக்குப் போகாம இருந்துருவியா?"

இருந்திருப்பேன் என்றும் சொல்ல முடியவில்லை, இருந்திருக்கமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை.

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நான் மலைக்குப் போனப்ப எங்க மாமியாதான் பெரியவனப் பாத்துக்கிட்டாக. ஒருநா தவறாம சொல்லுவாக. இன்னிக்கு அழுதான், இன்னிக்குத் திங்கல, ஒன்னத் தேடுனான்னு. எனக்கு மறுநா மேல நின்னா கையி ஓடாது. அன்னிக்கு விழுந்தேன்ல சரிவுல, அதே நெனப்புலதான் விழுந்தேன். எம் வாயால ஒருத்திக்கும் அப்பிடிச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

என் மகன் அப்போதும் கன்னத்தில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் விரலை விட்டு அதை வெளியே எடுத்தேன். தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வந்திருக்க வேண்டும். களைப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் மலைக்குப் போகவில்லை. டீச்சர் சொன்னபடி செய்தேன். ஒரு வாய் வைத்து, அவன் முழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டே ஊட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. சோற்றில் பருப்பையும் எண்ணெயையும் சேர்க்க வேண்டும். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அவன் முழுங்குவான், நிஜமாகவே முழுங்குவான், ஆனால் அவனுக்கு ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து வேறு எங்கும் பார்க்காமல் இருக்க வேண்டும். அப்போது பாசம் பொங்கியது என்று எழுத எனக்கு ஆசைதான். பொங்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் ஜீப்பில் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்டியை எண்ணினேன். எடை ஏழரைக்கு வந்தது. டீச்சர் சிரித்தார். நான் மறுபடி ஜீப் ஏறினேன். பிள்ளையை மறுபடியும் மதினியிடமே விட்டேன். வேறு யாரிடம் விட?

மதினி மாறியிருந்தார். கும்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டு, ஐந்து சின்னக் கிண்ணம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டியிருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்து ஊட்டினார். அவருக்குக் காலை முழுக்க அதிலேயே போனது. அதோடு, சாயங்காலம் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் முகத்தைப் பார்த்தால் வாய் மாறிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னார்.

"உம் மகன் காலையில ஏழு கரண்டி. மத்தியானம் அஞ்சு, அதுல ஒண்ணத் துப்பிட்டான். நீ போனதுலருந்து எட்டு மணி வரைக்கும் அழுதான். வாசலப் பாத்துப் பாத்து அழுதான்."

இப்படி ஒவ்வொருத்திக்கும். முதலில் போனது முன்சீட்டுக்காரி. "பத்து மணி நேரம் குனிஞ்சு ஒடிஞ்சு வாரேன். எறங்குனதும் இந்த ஒப்பாரியா?" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளி டிவி இருக்கிற வீட்டில் ஒரு பெண் பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தாள். மூன்று வாரத்தில் மற்ற மூன்று பேரும் அங்கே போய்விட்டார்கள். தொட்டிலில் என் மகன் மட்டும்.

அவன் எடை குறையவில்லை. நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் இதில் கேவலம். ஆனால் மேலே எனக்குக் கை ஓடவில்லை. காயைப் பிடித்தால் வாசலைப் பார்த்து அழுதான் என்று கேட்கும். முற்றிய காயை விட்டுவிட்டுப் பிஞ்சைப் பறித்தேன். "நோக்கி எடு சேச்சி" என்று, பார்த்துப் பறிக்கும்படி, கங்காணி மலையாளத்தில் இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்பான் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மதினி தரையைப் பார்த்து வாயைத் திறக்கும் முன்பே, "திங்கக்கிழமைலருந்து அங்கன விடலாம்னு இருக்கேன் மதினி" என்றேன்.

மதினி என் மகனுடைய கிண்ணத்தைக் கழுவி, நூலை அவிழ்க்காமல், ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "அங்கன டிவி இருக்காம்ல. நல்லா வெளாடுவான்" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பெண், "நல்லாச் சாப்பிட்டாங்க்கா" என்றாள். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அன்று ராத்திரி அசந்து தூங்கினேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு காலையில் பால்வாடியில் எடை. அன்று ஜீப் இல்லை, அதனால் தூக்கிப் போனேன். டீச்சர் முள்ளைப் பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். அட்டையில் புள்ளி வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். போன புள்ளிக்குக் கீழே இருந்தது. "அக்கா, யாரு ஊட்டுறா இவனுக்கு?" என்று கேட்டார். நான் அட்டையை மடித்து வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் மதினி வீடு. அவர் வாசலில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இரும்புக் குழாயில் தொட்டில் எதுவும் இல்லை. எங்களைப் பார்த்ததும் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுந்தார்.

"எப்பிடித் திங்கிறான் அங்கன?"

"நல்லாத் திங்கிறான் மதினி" என்றேன்.

மதினி கையை நீட்டினார். கொடுத்தேன். அவனை இரண்டு கையிலும் ஏந்தி, ஒருமுறை இறக்கி மறுபடியும் தூக்கிப் பார்த்தார். எத்தனை மாதம் தினமும் தூக்கிய பிள்ளை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனை என் இடுப்பில் திரும்ப வைத்து, சட்டையை இழுத்துவிட்டார்.

"கனமாத்தான் இருக்கான்த்தா" என்றார்.

"ஆமா மதினி" என்றேன்.